நாவல்மரத்து விலக்கில் ஒரு முழுத் தலைக்கட்டு

வேதாரண்யத்திலிருந்து தேவாரம் என்ற மலையடிவார ஊருக்கு நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனேன். அதை ஐம்பது வீடுகளில் கேட்டுப் பதில் எழுதி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்கோ அடுத்த வீட்டில் காப்பித்தூள் கேட்கவே வாய் வராது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு இருபது வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற பிழைப்பு. என்ன சோப்பு போடுகிறீர்கள், என்ன டி.வி. வைத்திருக்கிறீர்கள், இப்படி. கதவைத் தட்டுமுன் வாசலில் நின்று மூன்று முறை மூச்சு வாங்குவேன். திறப்பவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதிலேயே வண்டி ஓடிவிட்டது.

இந்த முறை கேள்வி வேறு மாதிரி. மதுரையில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆய்வைப் பார்த்துக்கொள்கிற சுந்தர் சார் பலகையில் எழுதிக் காட்டினார். என் அண்ணன் மகன் வயதுதான் இருக்கும். சாலையில் ஆபத்தான ஓர் இடம் இருக்கிறது. அங்கே தடுப்பும் விளக்கும் வந்தால் சாவு பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்வோம். "அதற்காக உங்கள் குடும்பம் வருடத்துக்கு எவ்வளவு தர விரும்பும்?" என்று கேட்க வேண்டும். யாரும் தரப்போவதில்லை, நாமும் வாங்கப்போவதில்லை. மனத்துக்குள் போடுகிற கணக்குதான். எல்லார் பதிலையும் சேர்த்துப் பெருக்கி வகுத்தால், காப்பாற்றப்படும் ஓர் உயிரின் மதிப்பு இத்தனை ரூபாய் என்று வந்துவிடுமாம். வேலைக்கு ஆகும் செலவைவிட அந்த மதிப்பு கூடுதலாக இருந்தால், இந்த இடத்தில் செலவழிக்கலாம் என்று அரசுக்கு எழுதுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். கையில் இல்லாதவர்கள் குறைத்துத்தானே சொல்வார்கள்? அப்போது அவர்கள் உயிர் மலிவாகிவிடாதா? எழுந்து கேட்க வெட்கமாக இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கட்டளை இரண்டு. கேள்வியை அச்சில் இருக்கிறபடியே படிக்க வேண்டும். தொகை எதையும் நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஐம்பது வீட்டுக்கு ஒன்று குறைந்தாலும் அந்த இடம் பட்டியலிலிருந்து போய்விடும்.

எனக்கு வந்த இடம் நாவல்மரத்து விலக்கு. பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் வழி பிரிகிற முனையை இந்தப் பக்கம் விலக்கு என்கிறார்கள். தேவாரத்தில் ஒரு மாடி அறையில் தங்கல்.

எங்கள் ஊரில் உப்புக் குவியல்தான் மலை. இங்கே பஸ்ஸில் எந்த ஜன்னல் பக்கம் திரும்பினாலும் மலை எட்டிப் பார்த்தது. என் கூச்சத்துக்கு அது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. ஆடிக் காற்று பஸ்ஸையே தோளால் இடித்தது. காற்றாலைகள் எல்லாம் அவசர வேலையில் இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழையின் சாரல், இந்தப் பக்கம் வெயிலோடு சேர்ந்து விழுந்தது. எங்கள் ஊரில் மழை என்றால் மழை, வெயில் என்றால் வெயில்.

நாவல்மரத்து விலக்கை நான் பார்த்தேன். பெயர்ப் பலகையைப் படிக்கவும் செய்தேன். "நிறுத்துங்கள்" என்று கத்த வெட்கப்பட்டதில் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. இறங்கித் திரும்பி நடந்தேன். இதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. அந்தச் சாலையை என் காலே முதலில் படித்துக்கொண்டது. இறக்கத்தில் வருகிற லாரிகள் வளைவு திரும்பும்வரை கண்ணில் படாது. திரும்பிய மறுநொடி முந்தானையை இழுத்துக்கொண்டு போகும். சரியாக அந்த வளைவு முடிகிற இடத்தில்தான் விலக்கு.

முனையில் ஒரு டீக்கடை. உத்தமபாளையத்துக்காரரான காசிம் பாய் நடத்துகிறார். பருத்திப்பால் கொடுத்தார். எங்கள் பக்கம் கிடைக்காத பண்டம். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியதும் நடந்த களைப்பு போயிற்று. பக்கத்து பெஞ்சில் கேரள லாரி டிரைவர் ஒருவர் பாலில்லாத டீயை ஊதிக்கொண்டே மலையாளத்தில் ஏதோ சொன்னார். பாய் எனக்காகத் தமிழாக்கினார்.

"எல்லா ஊர்லயும் இவரு ரோட்டப் பாத்துப் போறாராம். இங்கன மட்டும் ரோடு இவரப் பாத்து ஓடி வருதாம்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு விலக்கில் நின்றேன். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஊருக்குள்ளிருந்து வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் நிற்கும் ஜீப்புகளில் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துக்குள் போய் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன். தூக்குவாளிகளும் கைகளும் கலந்து தெரிந்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

அவர்களுக்குத் தலைவி போல இருந்தவர் பாண்டியம்மாள். என் வயதுதான். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். போன வருடம் இதே இடத்தில் இதே நேரத்தில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போன கால். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடந்த செல்வி என்பவர் பிழைக்கவில்லை. இதை டீக்கடையில் சொன்னார்கள். பாண்டியம்மாள் சொல்லவில்லை.

நான் கேள்வியைப் படித்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"வருசத்துக்கு எம்புட்டுக் குடுப்பீகன்னு கேக்குற. அப்ப வரி போடப் போறீக."

"இல்லைங்க, வரி இல்லை. சும்மா..."

"சும்மா எவனாவது ரோடு போடுவானா? இரு, ஊரக் கேட்டுச் சொல்லுதேன்."

ஜீப் டிரைவர் ஹாரனை அழுத்தினார். "யாத்தே, ஒங்க மாநாட்ட சாயந்தரம் வச்சுக்கங்க!" ஜீப் கிளம்பிவிட்டது. வரி இல்லை என்ற என் விளக்கம் புகையோடு போயிற்று.

அன்று பகலில் இருபது வாசல் ஏறினேன். எல்லா வீட்டிலும் தண்ணீர் கிடைத்தது. ஒரு வீட்டில் கேப்பைக் கூழும் வெங்காயமும் கிடைத்தன. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

"ஊர்ல என்ன பேசுறாகளோ அதுதான் நானும்."

"தனியா நான் எப்படிச் சொல்ல? கூடச் சொன்னா பவுசுன்னுவாக, கொறச்சுச் சொன்னா கருமின்னுவாக."

இந்த ஊர் வழக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயில் திருவிழாவுக்கு இங்கே குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு. ஊர் கூடித் தொகை முடிவு செய்யும். எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி. கணவனை இழந்து தனியாக இருக்கிற பெண் என்றால் அரைத் தலைக்கட்டு, பாதி வரி. "உங்கள் குடும்பம் எவ்வளவு தரும்" என்ற கேள்விக்குத் தனி வீட்டில் விடையே கிடையாது. விடை ஊரில்தான் இருக்கிறது.

சாயங்காலம் கையில் ஐம்பது வெற்றுத் தாள். ஒரு நாள் போய்விட்டது. இந்த வளைவு பட்டியலிலிருந்து போனால் அது என் வாய்க் குறையால்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு, தேவாரத்தில் இரண்டு பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிட்டேன். கவலையிலும் அது நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பரோட்டாவைப் பிய்க்க இரண்டு கை வேண்டும்.

அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டம். வழக்கமாக வரி பேசுவது ஆண்கள்தானாம். பாண்டியம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது சாமி வரியில்ல. ரோட்டத் தாண்டுறது நாங்க. நாங்களே பேசிக்கிடுதோம்."

"சரித்தா, பேசு. ஒன்னிய யாரு தடுத்தது?" என்றார் ஒரு பெரியவர். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

நூறு என்றார்கள், ஐநூறு என்றார்கள். ஒருவர், மேட்டுத்தெரு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஆயிரம் தரலாம், அவர்களிடம் கார் இருக்கிறது என்றார்.

பாண்டியம்மாள் சிரித்தார். "கார் வச்சிருக்கவன் வீட்டுப் பிள்ளையும் எம் பிள்ளையும் ஒரே ரோட்டத்தான தாண்டுது? அவன் பிள்ளைக்கு ஆயிரம், எம் பிள்ளைக்கு நூறா? அப்புறம் லாரிக்காரென் ஆயிரத்துக்கு மட்டும் பிரேக் பிடிப்பான்."

முந்நூறு என்று முடிந்தது. அரைத் தலைக்கட்டுக்கு நூற்றைம்பது என்று ஒருவர் வழக்கம்போல எழுதப் போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். அன்னக்கிளி. கணவர் போய்ப் பல வருடம். ஜீப்பில் முன்சீட்டுக்குத் தினமும் சண்டை போடுகிறவர்.

"ஏன், தாலி இல்லாதவன்னு பாத்து லாரி பாதியாவா ஏறும்? முழுசா எழுது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அரைத் தலைக்கட்டுப் பெண்கள் ஏழு பேரும் முழுசு என்றார்கள். எழுதுகிறவர் அடித்துவிட்டு எழுதினார். என் சந்தேகத்தைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன் இல்லையா, அதற்கு என்னைக் கேட்காமலே இந்த ஊர் பதில் சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள் மளமளவென்று தாள்கள் நிரம்பின. வாசலில் என்னைக் கண்டதுமே "முந்நூறு" என்றார்கள். மூச்சு வாங்கக்கூட நேரம் தரவில்லை. கேள்வியைப் பிடிவாதமாக முழுதும் படித்து, அதே முந்நூறை எழுதினேன்.

ஒரு வீட்டில் முருகேசன் என்பவர் கொத்தமல்லிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். செல்வியின் கணவர். அது தெரிந்ததும் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அவரே உட்காரச் சொன்னார். கேள்வியைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முந்நூறுதான், எழுது. அவ இருந்திருந்தா இருநூத்தம்பதுல ஆரம்பிச்சிருப்பா. சாமி வரிக்கே பேரம் பேசுறவ." கட்டின் நாரை இறுக்கி முடிச்சுப் போட்டார். "பாண்டியம்மாட்ட அவளுக்காக ஒருக்காக் கேட்டுப் பாரு, கொறைப்பாகளான்னு."

விளையாட்டா, நிசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் பாண்டியம்மாளிடம் அப்படியே சொன்னேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"கொறைக்க மாட்டேன். வந்து சண்டை போடச் சொல்லு." சொல்லிவிட்டு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு திரும்பியபோது அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. என் மடியில் வைத்தார். உள்ளே பணம். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, தலைக்கட்டு வாரியாக ரப்பர் போட்டு, பெயரெழுதிய நோட்டோடு.

யாரும் தரப்போவதில்லை என்று சொல்லிக் கொடுத்த கேள்விக்கு, ஒரு ஊரே எடுத்துக் கொடுத்துவிட்டது. வாங்கக் கூடாது என்றேன். வரி என்று வந்த காசைத் திருப்பிக் கொடுத்தால் ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்றார் அவர். பையைக் காசிம் பாய் கடைப் பெட்டியில் பூட்டி வைத்தோம்.

மறுநாள் காலை டீக்கடையில் இருந்தபோது சுந்தர் சாரிடமிருந்து போன். முந்தின நாள் இரவே தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன்.

"அக்கா, வருத்தப்படாதீங்க. ஐம்பதும் முந்நூறுன்னு இருக்கு. ஒரே இடத்துல உட்கார்ந்து நீங்களே எழுதிட்டீங்களா?"

இருபது வருடத்தில் இந்தப் பேச்சை யாரும் என்னிடம் பேசியதில்லை. வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து தாளை நிரப்புகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம் நேர்மைகூட இல்லை, பயம். "இல்லை சார்" என்றேன். தாள்கள் தள்ளுபடியானால் என் வேலை போவது ஒருபுறம், இந்த வளைவும் போய்விடும்.

பாய் என்னைப் பார்த்தார். கேட்காமலே போனை வாங்கினார். "சார், வணக்கம். நீங்களே ஒருக்கா வந்து பாருங்க. டீ நம்ம கடையில." வைத்துவிட்டார்.

அடுத்த நாள் விடிகாலை சுந்தர் சார் காரில் வந்து இறங்கினார். முகம் கடுமையாக இல்லை. ஆனால் என் தாள்கள் கையில் இருந்தன. ஜீப் பக்கம் போய் ஒவ்வொருவராகத் தனியே அழைத்துக் கேட்டார். நான் டீக்கடையில் நின்று கண்ணாடித் தம்ளரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"முந்நூறு."

"முந்நூறு. ஏன் தம்பி, கொறையுமா?"

"முந்நூறு. முன்சீட்டுல ஏறவிடாம என்ன கேள்வி இது?" இது அன்னக்கிளி.

கடைசியில் அவர் பாயிடம் வந்தார். "உங்களுக்கு ஊர் வரி கிடையாதே?"

"சாமி வரிக்கு என்ட்ட கேக்க மாட்டாக சார், மரியாத தெரிஞ்சவுக. இது ரோட்டு வரி. நானே போயி நின்னேன்." பெட்டியைத் திறந்து மஞ்சள் பையை வைத்தார்.

சுந்தர் சார் நோட்டைப் புரட்டினார். பணத்தைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, எல்லா ஊர்லயும் ஆயிரம் தர்றேன், ஐயாயிரம் தர்றேன்னு வாயால சொல்வாங்க. அதை எப்படி நம்புறதுன்னுதான் எங்களுக்குப் பெரிய சண்டையே. இங்க கேட்டதுக்குப் பணத்தையே கொடுத்துட்டாங்க. இதை எழுத ஃபாரத்துல கட்டமே இல்லை."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். ஆனால் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன். "சார், அப்போ ஒரு உயிர் எவ்வளவுன்னு வந்தது?"

"வரலைக்கா. இருக்கிறவங்க கூடுதலா, இல்லாதவங்க குறைச்சலா சொன்னாத்தான் அந்தக் கணக்கு ஓடும். எல்லாரும் ஒரே தொகை சொன்னா வரைபடத்துல கோடே விழாது." குறிப்பு எழுதும் இடத்தில் நீளமாக ஏதோ எழுதினார். "இடம் பட்டியல்ல இருக்கும். நான் பார்த்துக்கிறேன். மேலே என்ன சொல்வாங்கன்னு மட்டும் தெரியாது."

மேலே சொல்லும்வரை ஊர் காத்திருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டே போகலாம் என்று நானும் சில நாள் தங்கிவிட்டேன். காவல் நிலையத்தில் சொல்லி, தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினார்கள். பாய் எட்டுத் தார் டிரம்களுக்கு ஏற்பாடு செய்தார். மணல் நிரப்பி, வெள்ளையும் சிவப்புமாக அடித்து, இருட்டில் மின்னுகிற பட்டை ஒட்டினார்கள். மீதிப் பணம் ஒரு சோலார் விளக்குக்கு. டிரம்மில் உபயம் என்று யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சண்டை வந்தது.

"எல்லாப் பேரையும் போட்டா, படிக்க நிறுத்தியே லாரி எல்லாம் லேட்டாயிரும்" என்றார் பாய்.

"அதத்தான கேக்கோம், நிக்கட்டும்!" என்றார் பாண்டியம்மாள். கடைசியில் எந்தப் பெயரும் போடவில்லை.

நான் கிளம்பிய காலையில் டிரம்கள் வளைவுக்கு முன்னால் இரண்டு வரிசையாக, மாறி மாறி நின்றன. முதலில் வந்த லாரி முனகிக்கொண்டு வேகத்தைக் குறைத்தது. நெளிந்து நெளிந்து வந்து டீக்கடையில் நின்றது. அன்றைக்குப் பார்த்த அதே டிரைவர். இறங்கி, திரும்பிப் பார்த்து, மலையாளத்தில் ஏதோ சொன்னார்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே தமிழாக்கினார். "ரோடு இன்னிக்கு நடந்து வருதாம்."

ஜீப்புப் பெண்கள் கடந்தார்கள். ஓடவில்லை. பாண்டியம்மாள் காலை இழுத்தபடி, பேசிக்கொண்டே, நடுச்சாலையில் அன்னக்கிளியோடு ஏதோ வம்பு வளர்த்துக்கொண்டே கடந்தார்.

எதிர்ப்புறம் போனவர் ஏனோ திரும்பி என்னிடம் வந்தார். கையில் அந்த வரி நோட்டு.

"ஏத்தா, நீயும் ஒரு வாரத்துக்கு மேலா இந்த ரோட்டத் தாண்டியிருக்க. ஒந் தலைக்கட்டுக்கு எம்புட்டு?"

இருபது வருடமாக நான்தான் கேட்கிறவள். என்னை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ரேஷன் கார்டில் அண்ணன் பெயருக்கும் அண்ணி பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் கீழே என் பெயர். எங்கள் தெருக் கோயில் வரியில் அதுவும் கிடையாது. இதையெல்லாம் எப்படியோ திக்கித் திணறி அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்குத் தலைக்கட்டே கிடையாதுங்க. வேணும்னா அரை போட்டுக்குங்க" என்றேன்.

"அரையெல்லாம் போன வாரத்தோட எடுத்தாச்சு, ஒனக்குத் தெரியாதா? முழுசா எடு. ஒம் பேரச் சொல்லு."

முந்நூறு எடுத்துக் கொடுத்தேன். எச்சில் தொடாமல் எண்ணி, நோட்டில் கடைசித் தலைக்கட்டுக்குக் கீழே என் பெயரை எழுதச் சொல்லி என்னிடமே பேனாவைக் கொடுத்தார். தலைக்கட்டு என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். அந்த ஒன்று கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

பஸ் வந்தது. டிரம்களுக்குப் பயந்து மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் நான் கையைக் காட்டி, "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நின்னுட்டுத்தானம்மா இருக்கு" என்றார் கண்டக்டர்.